மனிதரை வகைப்படுத்தல் அறமாகுமா?

மனிதரை அறிய வேண்டும் என்னும் வேட்கை மனித சமுதாயத்தோடு உடன்பிறந்தது எனலாம். யாரை நம்பலாம், யாரோடு உறவு கொள்ளலாம், எத்தொழிலை யாரிடம் ஒப்படைக்கலாம் என்னும் வினாக்களுக்கு ஏதேனும் ஒரு விடை காணாமல் எந்தச் சமுதாயமும் ஒரு நாள்தானும் இயங்க முடியாது. ஒவ்வொருவரையும் தனித்தனியே ஆராய்ந்தறிவதற்கு ஒருவரின் வாழ்நாள் போதாதாகையால், ஒத்த இயல்புடையோரை ஒரு பெயரின்கீழ்த் தொகுத்துக் காணும் வழக்கம் எல்லா நாடுகளிலும் தோன்றியது. இவ்வழக்கம் அறிவுக்கு ஏற்றதா என்னும் வினாவை உளவியலார் நெடுங்காலமாக ஆராய்ந்து வருகின்றனர். இது அறத்துக்கு ஏற்றதா என்னும் வினாவோ அத்துணை அடிக்கடி எழுப்பப்படுவதில்லை. அவ்வினாவையே இக்கட்டுரை எடுத்துக்கொள்கின்றது.

வரலாற்றை நோக்குமிடத்து, வகைப்படுத்தும் முயற்சி மிகப் பழையது என்பது புலனாகும். அரிஸ்டோட்டிலின் மாணவரான தியோபிராஸ்டஸ் முப்பது வகைக் குணமுடையோரைச் சிறு சித்திரங்களாக வரைந்தார். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மருத்துவர் கேலன், உடலிலுள்ள நால்வகை நீர்மங்களின் மிகுதி குறைவே மனநிலையை ஆக்குகின்றது என்ற கொள்கையை விரித்துரைத்தார். நம்மிடையே சித்த மருத்துவம் வாதம், பித்தம், கபம் என உடலியல்பை மூன்றாக வகுத்தது. இந்தியத் தத்துவ மரபு சத்துவம், இராசதம், தாமதம் என முக்குணம் பேசிற்று. 1921ஆம் ஆண்டு சுவிற்சர்லாந்து உளவியலறிஞர் கார்ல் யுங் வெளியிட்ட ‘உளவியல் வகைகள்’ என்னும் நூல் இம்முயற்சியில் ஒரு திருப்பத்தை ஏற்படுத்தியது. மனத்தின் ஆற்றல் உள்நோக்கிச் செல்வோரை அகமுகர் என்றும், வெளியுலகை நோக்கிச் செல்வோரைப் புறமுகர் என்றும் அவர் பிரித்தார். அமெரிக்காவில் கதரின் பிரிக்ஸ் என்னும் அன்னையும் இசபெல் மயர்ஸ் என்னும் அவர் மகளும் யுங்கின் கருத்துக்களைத் தழுவி, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஒரு வினாக்கொத்தை உருவாக்கினர். நான்கு இணைகளிலிருந்து பதினாறு வகைகளைப் பெறும் அம்முறை இன்று உலகெங்கும் பரவியுள்ளது.

எங்கள் விடுதி அறைக்கும் அது வந்து சேர்ந்தது. சென்ற ஆண்டு ஒரு மழை இரவில், நண்பர் ஒருவரின் கைப்பேசியில் வந்த அத்தகைய வினாக்கொத்து ஒன்றுக்கு அறையிலிருந்த அனைவரும் விடையளித்தோம். நான் அகமுகன் எனத் தெரிவிக்கப்பட்டது. அதனைக் கண்டபோது என் உள்ளத்தில் எழுந்தது நிம்மதியே என்பதை மறைப்பதற்கில்லை. பாடசாலைக் காலம் தொட்டு, வாய் திறவாதவன், கூச்சக்காரன், சபையில் முன்னுக்கு வராதவன் என்றெல்லாம் குறையாகவே கூறப்பட்டுவந்த ஓர் இயல்பு, உலகில் பலருக்கும் உரிய இயல்புகளுள் ஒன்றுதான் என்று ஒரு சொல் எனக்கு உணர்த்தியது. தன்னை வெறுத்துக்கொண்டிருக்கும் ஒருவனுக்கு அவ்வெறுப்பினின்றும் விடுதலை அளிக்கும் சொல் எளிதிற் புறக்கணிக்கத்தக்கதன்று. வகைகளைப் பற்றிய கல்வியால் விளையும் நன்மை இது என்பதை முதற்கண் ஏற்றுக்கொண்டே மேற்செல்ல விரும்புகின்றேன்.

விடுமுறைக்கு வீடு சென்றபோது அவ்வினாக்களை என் தாயாரிடமும் கேட்டுப் பார்த்தேன். எங்கள் வீடு கேகாலை மாவட்டத்தில், ருவான்வெல்லைப் பகுதியிலுள்ள ஓர் இறப்பர்த் தோட்டத்து லயத்தில் உள்ளது. அம்மா இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பால் வெட்டுபவர். கூட்டத்திற் கலந்துகொள்ள விருப்பமா, தனித்திருக்க விருப்பமா? திட்டமிட்டு வேலை செய்வதா, மனம்போனபடி செய்வதா? இரண்டு மூன்று வினாக்களைச் செவிமடுத்த அம்மா சிரித்துவிட்டார். “விடிய முன்ன பிரட்டுக்குப் போகணும், மழை பேஞ்சா மலைக்குப் போக முடியாது. இதுல எனக்கு எது புடிக்கும்னு இது வரைக்கும் யாருடா கேட்டா?” என்றார்.

அம்மாவின் அவ்விடை என்னை வெகுநேரம் சிந்திக்க வைத்தது. ஒருவர் எதனைத் தேர்ந்தெடுக்கின்றார் என்பதிலிருந்து அவருடைய இயல்பை உய்த்துணரலாம் என்னும் எடுகோளின்மீதே இவ்வினாக்கொத்துக்கள் கட்டப்பட்டுள்ளன. தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு வாழ்க்கையில் மிகச் சிலவாகவே வாய்க்கப்பெற்ற ஒருவருக்கு இவ்வளவுகோல் எவ்வாறு பொருந்தும்? வைகறையில் எழுவது அம்மாவின் இயல்பன்று. இறப்பர் மரத்தின் பாற்குழாய்களில் அழுத்தம் மிகுந்திருப்பது வெயில் ஏறுமுன்னரே ஆகையால் அப்போது வெட்டினால்தான் பால் நன்றாக இறங்கும். மரத்தின் இயல்பு மனிதரின் பழக்கமாகிவிட்டது. அப்பழக்கத்தைக் கண்டு, இவர் ஒழுங்கை விரும்பும் வகையினர் என ஒரு வினாக்கொத்துக் கூறுமாயின், அது அம்மாவைப் பற்றிக் கூறியதாகுமா, மரத்தைப் பற்றிக் கூறியதாகுமா?

மரங்களைப் பற்றிப் பேசும்போது அம்மாவுக்குக் கூறுவதற்கு நிறைய உண்டு. எங்கள் தோட்டத்தின் ஒரு மலை முழுவதும் ஆர்.ஆர்.ஐ.சி. 100 என்னும் இனத்து ஒட்டுக்கன்றுகள் நடப்பட்டவை. இலங்கை இறப்பர் ஆராய்ச்சியாளர் உருவாக்கிய இனங்களுள் அது ஒன்று. ஒட்டுக்கட்டிப் பெருக்கப்படும் கன்றுகள் யாவும் ஒரே தாய்மரத்தின் கூறுகளாதலால் பிறப்பால் அவற்றிடையே வேறுபாடில்லை. ஆயினும் அம்மா ஒவ்வொரு மரத்தையும் வேறு வேறாகவே அறிவார். ஓடையோரத்து மரம், பாறைமேல் நிற்கும் மரம், காற்றுப் பக்கத்து மரம் ஆகியவற்றின் பட்டையும் ஒன்றன்று, பாலும் ஒன்றன்று. கத்தி சிறிது ஆழமாக இறங்கினால் பட்டைக்குள்ளிருக்கும் வளரும் படை காயமுற்று, மீண்டும் வளரும் பட்டை முடிச்சு முடிச்சாகிவிடும். ஆகவே இனத்தின் பெயரை அறிந்திருந்தும், ஒவ்வொரு மரத்தின் முன்னும் நின்று கையால் அறிந்தே அம்மா வெட்டுகின்றார். பிறப்பால் ஒன்றேயான மரங்களுக்கே இத்துணைக் கவனம் வேண்டுமாயின், மனிதரைப் பற்றிக் கூறவும் வேண்டுமோ?

உளவியல் ஆய்வுகளும் இத்தகைய எச்சரிக்கையையே தருகின்றன. 1949இல் பேட்ரம் போரர் என்னும் அமெரிக்க உளவியலாளர் தாம் நடத்திய ஒரு சோதனையின் முடிவுகளை வெளியிட்டார். மாணவர் 39 பேருக்கு ஓர் ஆளுமைச் சோதனை வைத்து, அவரவர்க்குரிய முடிவு எனக் கூறி, அனைவருக்கும் ஒரே குறிப்பை அவர் வழங்கியிருந்தார். அக்குறிப்புத் தமக்கு எவ்வளவு பொருந்துகின்றது என்பதற்கு மாணவர் அளித்த புள்ளிகளின் சராசரி ஐந்துக்கு நான்குக்கும் மேல். விடுதி அறையில் நான் அடைந்த நிம்மதியில் எத்துணைப் பங்கு இவ்வாறு விளைந்ததோ என இப்போது ஐயுறுகின்றேன். 1968இல் வோல்டர் மிஷெல் என்பார், ஒரு சூழலில் ஒருவர் நடந்துகொள்ளும் முறையைக்கொண்டு வேறொரு சூழலில் அவர் நடக்கப்போகும் முறையை முன்னறிவது பெரிதும் கடினம் என்று எடுத்துக்காட்டினார். பல சந்தர்ப்பங்களைச் சேர்த்து நோக்கின் மனிதரின் பண்புகளில் நிலைபேறு உண்டு என்பதைப் பின்வந்த ஆய்வுகள் உறுதிப்படுத்தியுள்ளன என்பதையும் இங்குக் கூறுதல் வேண்டும். எனினும் அப்பண்புகள் அளவால் மிகுந்தும் குறைந்தும் தொடர்ச்சியாக அமைவன. பெரும்பாலோர் இரு முனைகளுக்கும் இடையிலேயே நிற்கின்றனர். அகமுகர், புறமுகர் என இரண்டு அறைகள் கட்டி மனிதரை உள்ளே அடைப்பதற்கு அவை இடந்தருவதில்லை. மனிதருக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டுவது தம் நூலின் நோக்கமன்று என யுங்கே பின்னர் எழுத நேர்ந்தது.

இனித் தமிழ் மரபின்பாற் செல்வோம். மாணாக்கரை வகைப்படுத்துவதில் நன்னூலாரை விஞ்சியவர் இலர். அன்னமும் பசுவும் போல்வார் தலைமாணாக்கர். மண்ணும் கிளியும் போல்வார் இடைமாணாக்கர். ஓட்டைக் குடம், ஆடு, எருமை, நெய்யரி போல்வார் கடைமாணாக்கர் என்பது பவணந்தியாரின் பகுப்பு. இதனைக் கற்ற வகுப்பில், எருமை யார், நெய்யரி யார் என நாங்கள் ஒருவரையொருவர் சுட்டி நகைத்ததுண்டு. ஆயின் ஆய்ந்து நோக்கின் இரு செய்திகள் புலப்படுகின்றன. ஒன்று, நன்னூலார் மாணாக்கரை மட்டும் நிறுத்துப் பார்க்கவில்லை. ஆசிரியரையும் அதே தராசில் ஏற்றினார். நல்லாசிரியர்க்கு நிலம், மலை, துலாக்கோல், மலர் ஆகியவற்றை உவமை கூறிய அவர், ஆசிரியராகத் தகாதாரை முடத்தெங்கு, மடற்பனை முதலியவற்றுக்கு ஒப்பிட்டார். மற்றொன்று, இடைமாணாக்கனுக்கு உவமையாகிய மண், உழவனின் உழைப்புக்கேற்ப விளைவது. அம்மாணாக்கன் சிறவானாயின் குறை அவனிடம் மட்டும் உள்ளதாகாது. உழுதவனையும் நாம் வினவுதல் வேண்டும். அளப்பவனும் அளக்கப்படும்போதே வகைப்பாடு நேர்மையுடையதாகும் என்பதை நன்னூலிலிருந்து நாம் பெறலாம்.

அளப்பவன் அளக்கப்படாத இடத்தில் யாது நிகழும் என்பதற்குத் தோட்டங்களின் வரலாறே சான்று. மலேசிய அறிஞர் சையது உசைன் அலத்தாஸ் 1977இல் வெளியிட்ட ‘சோம்பேறிச் சுதேசி என்னும் கட்டுக்கதை’ எனத் தமிழிற் கூறத்தக்க ஆங்கில நூலில், மலாயர், ஜாவானியர், பிலிப்பைன்ஸ் மக்கள் ஆகியோர் சோம்பேறிகள் என்னும் பிம்பம் குடியேற்ற ஆட்சியாளரால் எவ்வாறு உருவாக்கப்பட்டது என்பதை ஆராய்ந்துள்ளார். மலாய் விவசாயி தன் வயலை விட்டு அந்நியரின் தோட்டத்தில் கூலியாக உழைக்க முன்வரவில்லை. ஆகவே அவன் சோம்பேறி எனப்பட்டான். தென்னிந்தியாவிலிருந்து அழைத்துவரப்பட்ட தமிழ்த் தொழிலாளிக்கோ அடக்கமானவன், பணிவானவன் என்னும் முத்திரை குத்தப்பட்டது. பழிச்சொல், புகழ்ச்சொல் என இரண்டும் வேறுபோலத் தோன்றினும் அவை செய்த வேலை ஒன்றே. தோட்டத்துக்கு எது தேவையோ அதுவே ஒரு மக்கட்கூட்டத்தின் பிறவிக் குணம் என எழுதப்பட்டது.

பணிவு என்பது எங்கள் மக்களின் வகையா, அன்றேல் அவர்கள் வைக்கப்பட்ட நிலையின் விளைவா? இவ்வினாவுக்கு விடை காண்பதற்குத் தொல்காப்பியம் துணைசெய்கின்றது. மெய்ப்பாட்டியலில் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு மெய்ப்பாடுகள் வகுக்கப்பட்டுள்ளன. ஒவ்வொன்றும் நான்கு காரணங்களாற் பிறக்கும் எனக் கூறப்படுகின்றது. இங்கு வகைப்படுத்தப்படுவன மனித நிலைகளேயன்றி மனிதர் அல்லர். அஞ்சும் வகையினர் என ஒரு கூட்டத்தாரைத் தொல்காப்பியர் பிரிக்கவில்லை. அச்சம் எதனாற் பிறக்கின்றது என வினவி, அணங்கு, விலங்கு, கள்வர் என்பவற்றோடு தம்மை ஆளும் இறையையும் நான்காவது காரணமாக வைத்தார். துரையின் முன் தலைப்பாகையைக் கழற்றி நின்றவனைக் கண்டு இவன் பணிவான வகையினன் என எழுதியவர்கள், அக்காரணத்தைத் தேடியிருப்பின் அங்குத் தம்மையே கண்டிருப்பார்கள்.

துரைமார் காலத்தோடு இவ்வழக்கம் முடிந்துவிட்டது எனக் கருதுதல் வேண்டா. பிரட்டுக் களத்தில் ஆட்களுக்கு மரம் பிரித்துக் கொடுக்கப்படும் முறையை எண்ணிப் பார்ப்போம். ஒருவர் சோம்பேறி எனப் பெயர் பெற்றுவிட்டால் அவருக்குக் கிழட்டு மரங்கள் நிற்கும் பகுதி ஒதுக்கப்படக்கூடும். கிழட்டு மரத்திற் பால் குறையும், வாளி நிறையாது. நிறையாத வாளி, அவர் சோம்பேறி என்பதற்குச் சான்றாகிவிடும். வகுப்பறையிலும் இவ்வாறே நிகழக்கூடும் என்பதை 1968இல் றொசென்தால், ஜேக்கப்சன் என்னும் இருவர் வெளியிட்ட ஆய்வு சுட்டியது. குறிப்பிட்ட சில சிறுவர் விரைவில் மலரப்போகின்றனர் என ஆசிரியர்களுக்குக் கூறப்பட்டது. உண்மையில் அச்சிறுவர் எவ்வித அடிப்படையுமின்றித் தெரிவுசெய்யப்பட்டவர்கள். ஆயினும் ஆண்டிறுதியில் கீழ்வகுப்புகளில் அவர்களே கூடுதலாக முன்னேறியிருந்தனர். இவ்வாய்வின் அளவைகளைப் பற்றி அறிஞரிடையே நெடிய விவாதம் உண்டு. எனினும் நாம் ஒருவருக்கு இடும் பெயர், அவருக்கு நாம் கொடுக்கும் மரத்தையும் முடிவுசெய்துவிடுகின்றது என்பதை மறுப்பார் அரியர்.

இதுகாறும் பிறர் செய்த பிழைகளையே கூறினேன். இனி என் பிழையைக் கூறாதொழிவது நேர்மையாகாது. என் தந்தையார் வீட்டில் அதிகம் பேசாதவர். வேலை முடிந்து வந்தால் லயத்து வாசலில் அமர்ந்திருப்பார். வினவினால் ஓரிரு சொற்களில் விடையளிப்பார். அகமுகர், புறமுகர் என்னும் சொற்களைக் கற்றுக்கொண்ட அன்றே அவரை எங்கே வைப்பது என நான் முடிவுசெய்துவிட்டேன். இவர் ஒதுங்கும் வகையினர். எதிலும் கருத்துச் சொல்ல விரும்பாதவர். அவரை வற்புறுத்தாதிருப்பதே அவருக்குச் செய்யும் மரியாதை என்றும் எண்ணிக்கொண்டேன். சாதாரண தரப் பரீட்சைக்குப்பின் என் தங்கை படிப்பை நிறுத்திக் கொழும்பில் ஒரு கடைக்கு வேலைக்குப் போவதா என்னும் பேச்சு எழுந்தபோது, அம்மாவும் மாமாவும் நானுமே பேசி முடிவெடுத்தோம். அப்பா அருகிலேதான் அமர்ந்திருந்தார். அவர் ஒன்றும் கூறவில்லை. சம்மதம் என நாங்கள் கொண்டோம். தங்கை கொழும்பு சென்றாள்.

மறு ஆண்டு மாசி மாதத்தில் எங்கள் தோட்டத்தில் காமன் கூத்து நடைபெற்றது. பாடசாலை விடுதியிலும் பின்னர்ப் பல்கலைக்கழக விடுதியிலும் இருந்தமையால் பல ஆண்டுகளாக நான் அதனைப் பார்த்ததில்லை. அன்றிரவு தீப்பந்த வெளிச்சத்தில் வீரபத்திரன் வேடமிட்டு ஆடி வந்தவரைக் கண்டு குழந்தைகள் அலறி ஓடினர். அக்குரல் மலைமுகட்டில் மோதித் திரும்பியது. அவர் என் அப்பா என்பதை அறிய எனக்குச் சற்று நேரம் பிடித்தது. ஆறேழு ஆண்டுகளாக அவரே அவ்வேடமிட்டு வருகின்றார் என்று அருகில் நின்றவர் கூறினார். தோட்டம் முழுவதும் அறிந்திருந்ததை மகனாகிய நான் அறிந்திருக்கவில்லை.

மறுநாட் காலை, அரிதாரம் முற்றாக நீங்காத முகத்தோடு வாசலில் அமர்ந்திருந்த அவரிடம், தங்கையின் காரியத்தில் அவருடைய எண்ணம் என்னவாயிருந்தது என வினவினேன். அவர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர், “புள்ள படிக்கணும்னுதான் நெனச்சேன். நீங்க படிச்சவங்க பேசிக்கிட்டீங்க. என்னை யாரு கேட்டீங்க?” என்றார். அம்மா வினாக்கொத்தைக் கேட்டுச் சிரித்தபோது கூறியதும் இதுவே என்பது அப்போது என் நினைவுக்கு வந்தது. தங்கை இப்போது மீண்டும் படிக்கின்றாள். தன்னினும் ஓராண்டு இளையவர்களோடு வகுப்பில் அமர்ந்திருக்கின்றாள். அவ்வோராண்டை அவளுக்கு யாராலும் திருப்பிக் கொடுக்க முடியாது.

இவ்வனுபவத்திலிருந்து நான் பெறும் முடிவு யாது? அப்பா பேசாதவர் என்பது பொய்யன்று. யுங் வகுத்த வகைகளும் முற்றிலும் பொய்யல்ல. என் பிழை அவருக்குத் தவறான பெயரிட்டமை அன்று; பெயரிட்டபின் அவரைக் கேளாது விட்டமையே. வகை என்பது ஒருவரைக் கேளாமலே அவரைப் பற்றிச் சிறிது அறிவதற்கு ஒரு வழி. பேருந்தில் அருகமர்ந்திருப்பவரைப் பற்றி அவ்வளவு அறிவு போதுமானது. அவருடைய வாழ்வைப் பாதிக்கும் ஒரு முடிவை நாம் எடுக்கும் வேளையில் அது போதாது. அங்கு அவரைக் கேட்டறிதல் நம் கடமையாகின்றது. வகையறிவு அக்கடமையைச் செய்யத் தூண்டுமாயின் அறத்துக்குத் துணையாகும். அக்கடமையிலிருந்து நம்மை விடுவிக்குமாயின் அறத்துக்குப் பகையாகும். சித்த மருத்துவர் வாத உடம்பு, பித்த உடம்பு எனப் பகுக்கத் தெரிந்தவரே. எனினும் நோயாளியின் கையைப் பற்றி நாடி பார்த்த பின்னரே மருந்து கூறுகின்றார்.

இங்கு ஒரு தடை எழுப்பப்படலாம். பரீட்சை நடத்துவோரும் வேலைக்கு ஆள் எடுப்போரும் ஆயிரக்கணக்கானோரைத் தனித்தனியே கேட்டறிதல் இயலுமா என்பர். இயலாதுதான். ஆயினும் இயலாமையை அறிவு எனக் கருதிவிடலாகாது. கேட்க இயலாத இடத்தில், நாம் வகுத்த வகை தற்காலிகமானது, திருத்தத்தக்கது, நம்மீதும் பிரயோகிக்கத்தக்கது என்னும் நினைவாவது இருத்தல் வேண்டும். பிறரை அளக்கும் அதிகாரம் எவருக்கு மிகுதியோ அவருக்கு அந்நினைவும் மிகுதியாக வேண்டும். நாளை ஆசிரியர்களாகவும் அதிகாரிகளாகவும் செல்லவிருக்கும் நம்முள் பலர், பெயர்ப்பட்டியல்களின் முன் அமரப்போகின்றவர்கள். தன்னை விளங்கிக்கொள்ளும் பொருட்டு ஒருவர் ஒரு வகைப்பெயரை விரும்பி ஏற்பாராயின் அது அவருக்குக் கதவைத் திறக்கலாம், எனக்குத் திறந்தது போல. அதே பெயரைப் பிறர்மீது வைக்கும்போது கதவு அடைபடாமற் பார்த்துக்கொள்வது வைப்பவரின் பொறுப்பாகும்.

மழை ஓய்ந்த காலைகளில் அம்மா இன்னும் அதே மலைக்குப் போகின்றார். ஆர்.ஆர்.ஐ.சி. 100 என்னும் பெயர் அவருக்குத் தெரியும். தெரிந்தும், கத்தியை வைக்குமுன் ஒவ்வொரு மரத்தின் பட்டையையும் கையால் ஒருமுறை தடவிப் பார்க்கின்றார்.